பிள்ளைக்கு ஏற்ற உபாத்தியாயர்

2025ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 1ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பு ஒன்று தேசமெங்கும் உள்ள உபாத்தியாயர்களிடையே பெருங்கலக்கத்தை உண்டாக்கிற்று. 1ஆம் வகுப்பு முதல் 8ஆம் வகுப்பு வரை கற்பிக்கும் உபாத்தியாயர்கள், எத்தனை காலமாக உத்தியோகத்தில் இருப்பவர்களாயினும், ஓய்வு பெற ஐந்து வருஷத்துக்கு மேல் இருக்குமானால், இரண்டு வருஷத்துக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேற வேண்டும். தேறாதவர்கள் வேலையை விட்டு நீங்க வேண்டும். ஐந்து வருஷத்துக்குக் குறைவாக உள்ளவர்கள் தேறாமலே இருந்து ஓய்வு பெறலாம், ஆனால் பதவி உயர்வு கோர இயலாது. தீர்ப்பின் சாரம் இதுவே. சிறுபான்மையோர் நடத்தும் பாடசாலைகளைப் பற்றிய கேள்வி மட்டும் இதனின்றும் பிரிக்கப்பட்டு, அதிக நீதிபதிகள் அடங்கிய அமர்வின் ஆலோசனைக்கு அனுப்பப்பட்டது.

இருபது வருஷம் பாடம் சொன்ன ஒருவரைப் பரீட்சை மண்டபத்தில் உட்கார வைப்பது நியாயமா என்று ஒரு சாரார் கேட்டார்கள். பிள்ளைகளின் நன்மைக்காக ஏற்பட்ட விதியில் பெரியவர்களுக்கு விலக்கு எதற்கு என்று மற்றொரு சாரார் கேட்டார்கள். இரு பக்கத்திலும் நியாயம் உண்டு. அந்த வழக்கை நமது பத்திரிகையில் மறுபடியும் நடத்துவது நம் நோக்கமன்று. இரு சாராரும் கேளாமல் விட்ட கேள்வி ஒன்று இருக்கிறது. அதையே இன்று நம் வாசகர்களின் முன் வைக்க விரும்புகிறோம். தகுதி பெற்ற இந்த உபாத்தியாயர், இன்ன பெயருடைய இந்தப் பிள்ளைக்கு ஏற்றவர்தாமா என்பதை யார் பார்க்கிறார்கள்?

தகுதித் தேர்வில் 150 கேள்விகள். பொதுவாக நூற்றுக்கு 60 பங்கு மதிப்பெண் பெற்றவர் தேறியவர். ஆரம்ப வகுப்பு உபாத்தியாயருக்கான பரீட்சையில் குழந்தை வளர்ச்சியும் கற்பிக்கும் முறையும் பற்றி 30 கேள்விகள். மற்றவை இரண்டு மொழிகளும் கணிதமும் சூழ்நிலையியலும் பற்றியவை. இத்தகைய பரீட்சை வேண்டியதே. பின்னத்தைக் கூட்டத் தெரியாத ஒருவர் பின்னத்தைக் கற்பிக்க முடியாது. ஆயினும், பின்னம் தெரிந்தவர் எல்லோரும், பின்னத்தைக் கண்டு அஞ்சி நிற்கும் ஒரு சிறுமிக்கு அதைத் தெளிவிக்க வல்லவர் ஆகார். அந்த வல்லமையை நாலு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பரீட்சையால் அளந்துவிட முடியாது.

வக்கீல் தொழிலில் உள்ள ஒரு வழக்கத்தைச் சொன்னால் இது விளங்கும். சன்னது இல்லாதவன் கோர்ட்டில் வாதாடக் கூடாது. ஆனால், சன்னது பெற்றவர்களில் எவரிடம் தன் கட்டைக் கொடுப்பது என்பதைக் கட்சிக்காரனே தீர்மானிக்கிறான். நிலத் தாவாவுக்கு ஒருவரை நாடுகிறான். கிரிமினல் வழக்குக்கு வேறொருவரை நாடுகிறான். தான் சொல்வதைப் பொறுமையாகக் கேளாதவரிடமிருந்து கட்டைத் திரும்ப வாங்கிக் கொள்கிறான். நோயாளியும் வைத்தியரை அப்படியே தேர்ந்து கொள்கிறான். ஆறு வயதுப் பிள்ளைக்கு மட்டும் அந்த உரிமை இல்லை. அதன் சார்பில் பெரியவர் எவரேனும் அந்தப் பொருத்தத்தைப் பார்க்க வேண்டும். அவ்வாறு பார்ப்பவர் யார்?

பணம் உள்ளவர் வீட்டில் தகப்பனார் பார்க்கிறார். ஒரு பள்ளிக்கூடம் ஒத்து வராவிட்டால் வேறொன்றுக்கு மாற்றுகிறார். பள்ளிக்கூடத்தில் விளங்காததை விளக்க மாலையில் தனியாக ஒருவரை அமர்த்துகிறார். அவரும் சரிப்படாவிட்டால் இன்னொருவரைத் தேடுகிறார். ஏழையின் பிள்ளைக்கோ, கலந்தாய்வில் எவர் எந்த ஊரை எடுத்தாரோ அவரே உபாத்தியாயர். கலந்தாய்வில் பணி மூப்பு பார்க்கப்படுகிறது; கணவன் மனைவி ஒரே இடத்தில் இருக்க வேண்டியது பார்க்கப்படுகிறது; நோயும் உடற்குறையும் பார்க்கப்படுகின்றன. இவையெல்லாம் உபாத்தியாயருக்குச் செய்ய வேண்டிய நியாயங்கள். அவற்றை நாம் குறை கூறவில்லை. ஆனால், அந்த ஏற்பாட்டில் பிள்ளையின் பக்கத்துக் கட்டை எடுத்துப் பேசுவார் ஒருவரும் இல்லை. பிள்ளை படிக்கவில்லையென்றால் 'மக்கு' என்ற பெயர் அதற்கு. அல்லது 'சோம்பேறி' என்ற பெயர் உபாத்தியாயருக்கு. இருவரும் நல்லவர்களாயிருந்தும் பொருத்தம் இல்லாமல் போயிருக்கலாம் என்று நினைப்பவர் மிகச் சிலரே.

பொருத்தம் பார்க்கும் வழக்கம் நமக்குப் புதியதன்று. மாணாக்கரையும் ஆசிரியரையும் தரம் பிரித்துக் காட்டிய நன்னூலைத் தமிழ் கற்றவர் அறிவர். கொடுத்ததைத் தேர்ந்து கொள்ளும் அன்னம் போன்ற மாணாக்கனும், கொண்டதெல்லாம் ஒழுகவிடும் ஓட்டைக் குடம் போன்ற மாணாக்கனும் அதிலே வருகிறார்கள். உபாத்தியாயரையும் அந்நூல் விட்டு வைக்கவில்லை. அருகில் நெருங்க விடாமல், தானாக விழுந்ததை மட்டும் பிறர் பொறுக்கிக் கொள்ள விடும் மடற்பனையாகச் சிலர். தண்ணீர் வார்த்தவன் ஒருவனிருக்க, அயலான் வளைவில் காயை உதிர்க்கும் முடத்தெங்காகச் சிலர். பகலில் பாடசாலையில் சம்பளம் வாங்கிக் கொண்டு மாலையில் தனி வீட்டில் பாடத்தை விற்கும் பேர்வழிகளை நினைக்கும்போது இந்த முடத்தெங்கின் ஞாபகம் நமக்கு வருகிறது. 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு அந்த விற்பனையைத் தடுத்திருக்கிறது. மாணாக்கன் எவ்வளவு கொள்ளத் தக்கவன் என்பதை அறிந்து அவ்வளவில் கொடுப்பது ஆசிரியர் கடமையென்றும் நன்னூல் விதிக்கிறது.

மகாமகோபாத்தியாய சாமிநாதையரவர்களின் சரித்திரம் இதற்கு நல்ல உதாரணம். 1855இல் பிறந்த அவர் தமிழ் படிக்க விரும்பினார். தகப்பனார் வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான், செல்வர் அல்லர். தம் குமாரருக்குத் தக்க ஆசிரியர் கிடைக்க வேண்டி அவர் ஊர் ஊராகக் குடியிருப்பை மாற்றினார். அரியலூர், குன்னம் முதலிய இடங்களில் ஒவ்வோர் ஆசிரியரிடமும் கிடைக்கக் கூடியது கிடைத்தது. செங்கணம் விருத்தாசல ரெட்டியார், தாம் சொல்ல வேண்டியதைச் சொல்லிக் கொடுத்த பின், இனி மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் சேர்வதே தக்கது என்று வழிகாட்டினார். 1870களின் தொடக்கத்தில் மாயூரத்தில் அந்தச் சேர்க்கை நிகழ்ந்தது. அதனால் தமிழ்நாடு அடைந்த லாபத்தை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மாணாக்கனுக்கு ஏற்றவர் வேறொருவர் என்று கண்டு அவரிடம் அனுப்பி வைப்பதும் உபாத்தியாயரின் தர்மமே என்பதை மட்டும் இங்கே குறித்துக் கொள்வோம்.

பழைய காலத்தைப் புகழ்ந்து உட்கார்ந்திருக்க நாம் சம்மதியோம். அன்று தாழ்த்தப்பட்ட ஜாதியாரின் பிள்ளைகள் திண்ணையில் ஏற முடியவில்லை. பெண் குழந்தைகளில் படித்தவர் அரிதினும் அரிது. திண்ணையில் ஏறிய பிள்ளைகளுக்கும் பிரம்பும் கோதண்டமும் காத்திருந்தன. பொருத்தம் தேடும் பாக்கியம் அன்று ஆயிரத்தில் ஒருவருக்கே வாய்த்தது. அந்தப் பாக்கியத்தை எல்லோருக்கும் உரிமையாக்குவதே ஜனநாயக தேசத்தின் வேலை.

பொருத்தம் தவறினால் நேரும் நஷ்டத்துக்குச் சான்று கும்பகோணத்து ராமானுஜன். கணிதத்தைத் தவிர வேறெதிலும் மனம் செல்லாத அந்த இளைஞர், கும்பகோணத்திலும் சென்னையிலும் எஃப்.ஏ. வகுப்பில் சேர்ந்தும் பரீட்சையில் தேறவில்லை. கல்லூரிக் கதவு அவருக்கு அடைபட்டது. கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் இருவருக்கு எழுதியும் பயன் கிட்டவில்லை. 1913 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதினார். அதே மனிதர், அதே கணிதம். கடிதத்தைப் படித்தவர் மட்டும் வேறு. 1918இல் அவர் ராயல் சொஸைட்டியின் அங்கத்தினரானார். ஹார்டி செய்த காரியத்தில் நம் உபாத்தியாயர்கள் கவனிக்க வேண்டிய அம்சம் ஒன்று உண்டு. ராமானுஜனுக்கு நவீன கணிதத்தின் நிரூபண முறை தெரியவில்லை. அதைக் கற்பித்தே ஆக வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்க வேண்டுமென்று வற்புறுத்தினால் அவருடைய தன்னம்பிக்கை குலைந்துவிடும் என்று அஞ்சி, ஹார்டி அளந்து கற்பித்தார். மாணாக்கனின் போக்கு அறிந்து தம் முறையை மாற்றிக் கொண்டார். 32 வயதில் ராமானுஜன் மாண்டார். ஹார்டி போன்ற ஒருவர் பத்து வருஷம் முன்பே கும்பகோணத்தில் கிடைத்திருந்தால் என்ற ஏக்கம் எந்தத் தமிழனுக்குத்தான் இல்லை?

மேதைகளின் கதை அவ்வளவே. நம் கவலையெல்லாம் சாதாரணப் பிள்ளையைப் பற்றியது. ஐந்தாம் வகுப்பில் இருக்கும் ஒரு பெண்ணை எடுத்துக் கொள்வோம். கதைப் புத்தகத்தைத் தடையின்றி வாசிக்கிறாள். கழித்தலில் கடன் வாங்குவது மூன்றாம் வகுப்பில் அவளுக்கு விளங்காமல் போயிற்று. அந்த மாதம் அவளுக்கு அம்மை கண்டிருந்தது. கழித்தல் வராததால் வகுத்தல் வரவில்லை. வகுத்தல் வராததால் பின்னம் வரவில்லை. உபாத்தியாயர் கையில் ஐந்தாம் வகுப்புப் புத்தகம் இருக்கிறது. அதைக் காலத்தில் முடிக்கும்படி அவருக்கு உத்தரவு. அவர் தசமத்துக்குப் போய்விடுகிறார். பெண் கடைசி வரிசையில் மெளனமாக உட்கார்ந்திருக்கிறாள். இருவரிடத்தும் குற்றமில்லை. அவள் நிற்கும் படி ஒன்று. அவர் நின்று பேசும் படி வேறொன்று.

இந்த இடைவெளியைக் குறைக்க நம் தேசத்திலேயே செய்து பார்த்த முயற்சிகள் உண்டு. பம்பாயிலும் பரோடாவிலும் பிரதம் என்னும் ஸ்தாபனத்தார், நகராட்சிப் பாடசாலைகளில் பின்தங்கிய மூன்றாம் நான்காம் வகுப்புப் பிள்ளைகளைத் தினம் இரண்டு மணி நேரம் தனியே அமர்த்தி, அதே பகுதியைச் சேர்ந்த இளம் பெண்களைக் கொண்டு அடிப்படை வாசிப்பும் கணக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். அப்பெண்கள் பயிற்சிக் கல்லூரியில் படித்தவர்கள் அல்லர். மாதம் சில நூறு ரூபாயே அவர்களுக்கு ஊதியம். ஆயினும் பிள்ளைகள் தெளிவாக முன்னேறினார்கள் என்பதை அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலிய பொருளாதார அறிஞர்கள் பரிசோதித்து 2007இல் வெளியிட்டார்கள். அவ்விருவருக்கும் மைக்கேல் கிரெமருக்கும் 2019இல் நோபெல் பரிசு கிடைத்தது, வறுமையைப் போக்கும் வழிகளை இத்தகைய பரிசோதனைகளால் ஆராய்ந்ததற்காகவே.

தமிழ்நாடும் இதில் பின்தங்கவில்லை. 2003இல் சென்னை மாநகராட்சிப் பாடசாலைகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றல் தொடங்கிற்று. ஆந்திரத்தின் ரிஷிவாலியில் உருவான முறையைத் தழுவி, பாடங்கள் அட்டைகளாகப் பிரிக்கப்பட்டன. ஒவ்வொரு பிள்ளையும் தான் நிற்கும் படியிலிருந்து அடுத்த படிக்குத் தன் வேகத்தில் ஏறலாம். பின்னர் அது மாநிலம் முழுவதும் பரவிற்று. 2022 ஜூன் மாதம் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில், ஆரம்ப வகுப்புப் பிள்ளைகள் நிற்கும் நிலைக்குத் தக்கபடி அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று படிகள் வகுக்கப்பட்டன.

எல்லாவற்றிலும் மேலான சாட்சியம் 'இல்லம் தேடிக் கல்வி' தந்தது. கொள்ளை நோயின் காரணமாக 2020 மார்ச்சில் மூடிய ஆரம்பப் பாடசாலைகள் தமிழ்நாட்டில் 2021 நவம்பர் 1ஆம் தேதியே திறந்தன. அதற்குச் சில நாள் முன், அக்டோபர் மாதக் கடைசியில், விழுப்புரம் ஜில்லாவில் இத்திட்டம் ஆரம்பமாயிற்று. அந்தந்தத் தெருவையும் குடியிருப்பையும் சேர்ந்த தொண்டர்கள், பெரும்பாலும் பெண்கள், மாலையில் ஒன்று ஒன்றரை மணி நேரம் சுமார் இருபது பிள்ளைகளை உட்கார்த்திப் பாடம் சொன்னார்கள். மாதம் ஆயிரம் ரூபாய் அவர்களுக்கு ஊக்கத் தொகை. ஏறக்குறைய இரண்டு லட்சம் தொண்டர்கள் இதில் ஈடுபட்டார்கள். கார்த்திக் முரளிதரன் முதலிய அறிஞர்கள் கிராமப்புறப் பிள்ளைகளைப் பரீட்சித்துப் பார்த்ததில், பாடசாலை திறந்த ஆறு மாதத்துக்குள் இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது என்றும், அந்த மீட்சியில் சுமார் நாலில் ஒரு பங்கு இந்த மாலை வகுப்புகளால் விளைந்தது என்றும் கண்டார்கள். தகுதித் தேர்வு எதுவும் எழுதாத பெண்கள் இதைச் சாதித்தார்கள். பிள்ளை எந்த வீட்டுப் பிள்ளை, இன்று சாப்பிட்டதா, எந்த எழுத்தில் தடுக்குகிறது என்பவை அவர்களுக்குத் தெரிந்திருந்தன. இதைக் கொண்டு, தகுதி பெற்ற உபாத்தியாயர் வேண்டாம், ஆயிரம் ரூபாய்த் தொண்டர் போதும் என்று எவரேனும் வாதாடினால் அது பெரும் அநியாயம். தகுதியுள்ளவருக்கும் அந்தத் தொண்டருக்கு இருந்த அறிமுகமும் அவகாசமும் கிடைக்கும்படி செய்ய வேண்டும் என்பதே இதன் பாடம்.

நிற்க. இதைச் செய்யும்படி சட்டமே விதித்திருக்கிறது என்பதைப் பலர் அறியார். கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு உபாத்தியாயரின் கடமைகளைக் கூறுகிறது. காலத்தில் வருவது, பாடத்தை முடிப்பது ஆகியவற்றோடு, ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டு, அதற்குத் தக்கபடி வேண்டும் கூடுதல் போதனையை அளிக்க வேண்டும் என்பதும் அதில் அடங்கும். வகுப்பின் சராசரித் திறனை அன்று, ஒவ்வொரு பிள்ளையின் திறனையும் என்று சட்டம் சொல்கிறது. தகுதித் தேர்வைப் பற்றி இவ்வளவு வாதம் நடக்கும் தேசத்தில், இந்த விதியைப் பற்றி வாய் திறப்பார் அரிது. உபாத்தியாயர் இதைச் செய்யவில்லை என்று கடிந்து கொள்வதற்கு முன், செய்வதற்கு அவருக்கு இடமிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

2024-25ஆம் வருஷத்துக்கு மத்திய சர்க்கார் வெளியிட்ட கணக்குப்படி தேசத்தில் உபாத்தியாயர் தொகை ஒரு கோடியைத் தாண்டிற்று. அடிநிலை வகுப்புகளில் 10 பிள்ளைக்கு ஒருவர் என்பது சராசரி. கேட்பதற்கு இனிக்கிறது. ஆனால் அதே கணக்கில், ஒரே உபாத்தியாயரைக் கொண்ட பாடசாலைகள் ஒரு லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. அவற்றில் 33 லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் படிக்கிறார்கள். அறுபது பிள்ளை வரையுள்ள ஆரம்பப் பாடசாலைக்கு இரண்டு உபாத்தியாயர் வேண்டும் என்பது சட்டத்தின் அட்டவணை. தனியாக நிற்கும் அந்த ஒருவர் ஐந்து வகுப்புக்கும் பாடம் சொல்ல வேண்டும். சோற்றுக் கணக்கும் பார்க்க வேண்டும். 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது உபாத்தியாயர் பலர் படிவங்களை ஏந்தி வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். தேர்தல், ஜனக்கணக்கு, பேரிடர் நிவாரணம் ஆகிய மூன்றுக்கும் 27ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. சட்டம் இடம் கொடுப்பதாலேயே அந்த வாரங்களில் பிள்ளைக்கு நேரும் நஷ்டம் இல்லாமற் போய்விடாது.

பொருத்தம் வேரூன்றக் காலமும் வேண்டும். அமெரிக்க தேசத்தில் செய்யப்பட்டு 2018இல் வெளியான இரண்டு ஆராய்ச்சிகள் இதற்கு உதவும். வட கரோலினாவின் ஆரம்பப் பாடசாலைகளில், ஒரே உபாத்தியாயரிடம் இரண்டாம் வருஷமும் படிக்க நேர்ந்த பிள்ளைகள் சிறிதேனும் அதிகம் தேர்ந்தார்கள்; அந்த நன்மை சிறுபான்மை இனத்துப் பிள்ளைகளிடம் கூடுதலாகத் தெரிந்தது. ஹூஸ்டன் நகரத்திலோ, கணக்கில் வல்லவர் கணக்கை மட்டும், வாசிப்பில் வல்லவர் வாசிப்பை மட்டும் பல வகுப்புகளுக்குக் கற்பிக்கும்படி ஏற்பாடு செய்தார்கள். நிபுணர்கள் கற்பித்தால் படிப்பு உயரும் என்று எதிர்பார்த்தார்கள், மதிப்பெண் இறங்கிற்று. ஒவ்வொருவரும் அதிகப் பிள்ளைகளைச் சந்தித்ததால், எந்தப் பிள்ளையையும் அறிந்து கொள்ள அவகாசம் குறைந்தது என்பது அதற்குக் கூறப்படும் காரணங்களில் ஒன்று. நம் ஊரில் ஆரம்பப் பள்ளிக்கூடத்து உபாத்தியாயரை வருஷ நடுவில் மாற்றுகிறவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

இங்கே இரண்டு ஆட்சேபங்களுக்கு விடை கூறுவது அவசியம். பொருத்தம் என்ற பெயரால் ஜாதி நுழையுமே என்பது ஒன்று. 'எங்கள் பிள்ளைக்கு எங்கள் மனிதர்தாம் பொருத்தம்' என்று பேசுவார் உண்டு. தாழ்த்தப்பட்டவர் ஒருவர் பாடம் சொல்ல வந்தால் முகம் சுளிப்பாரும் உண்டு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்த கொடுமைக்குப் பின் சர்க்கார் நியமித்த நீதிபதி சந்துரு கமிட்டி 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. ஒரு வட்டாரத்தில் ஆதிக்கமுள்ள ஜாதியைச் சேர்ந்தவரை அவ்வட்டாரத்திலேயே தலைமை ஆசிரியராகவும் கல்வி அதிகாரியாகவும் அமர்த்தலாகாது என்ற கருத்து அதன் சிபாரிசுகளில் இடம் பெற்றது. அது முற்றிலும் நியாயமே. ஜாதியால் வரும் நெருக்கத்துக்குப் பொருத்தம் என்று பெயரில்லை. பிள்ளையின் மனத்தை அறிவதற்கு அதன் ஜாதியை அறிய வேண்டியதில்லை. ஒரு பிள்ளையை அவமதிக்கும் உபாத்தியாயர் எந்தப் பிள்ளைக்கும் பொருத்தமானவர் அல்லர். உடலை அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் 17ஆம் பிரிவு தடுத்திருக்கிறது.

படி பிரிப்பது பிள்ளைக்கு முத்திரை குத்துவதாகுமே என்பது இரண்டாவது ஆட்சேபம். இது அலட்சியம் செய்யத் தக்கதன்று. அரும்பு என்ற அழகிய பெயர்கூட வருஷம் முழுதும் நீடித்தால் வசைப் பெயராக மாறிவிடும். ஆகவே, படி பிரித்தல் பாடத்துக்குப் பாடம் வேறாகவும், சில வாரங்களுக்கு ஒரு முறை மாறக் கூடியதாகவும் இருக்க வேண்டும். வாசிப்பில் மலராய் நிற்கும் பிள்ளை கணக்கில் அரும்பாய் இருக்கலாம். காலையில் எல்லோரும் ஒரே வகுப்பில் கூடி உட்கார்ந்து, ஒரு மணி நேரம் மட்டும் படிக்குத் தக்கபடி பிரிந்தால் போதும்.

இனிச் செய்ய வேண்டியவை எவை? நமது யோசனைகள் பின்வருமாறு. முதலாவது, உபாத்தியாயர் மாறுதல்கள் யாவும் கோடை விடுமுறையில் முடிந்துவிட வேண்டும். 1ஆம் வகுப்பில் பிள்ளைகளை ஏற்றுக் கொள்பவர் 3ஆம் வகுப்பு வரை அவர்களோடு கூடவே வர வேண்டும். மனம் ஒத்து வராத இடத்தில் பிள்ளையை வேறு பிரிவுக்கு மாற்றத் தலைமை ஆசிரியருக்கு அதிகாரம் இருக்க வேண்டும். அதை எவருக்கும் அவமானமாகக் கருதாத வழக்கம் ஏற்பட வேண்டும். இரண்டாவது, வேறெந்தப் புதிய திட்டத்துக்கும் முன்பாக ஓராசிரியர் பாடசாலைகளுக்கு இரண்டாவது உபாத்தியாயரை அனுப்ப வேண்டும். மூன்றாவது, ஓர் உபாத்தியாயர் விட்டுப் போகும்போது, தாம் கற்பித்த ஒவ்வொரு பிள்ளையும் எதில் வல்லது, எதில் தடுக்குகிறது, எதற்கு அஞ்சுகிறது என்று நாலு வரி எழுதி அடுத்தவரிடம் ஒப்படைக்க வேண்டும். வக்கீல் கட்டை மாற்றிக் கொடுக்கும்போது குறிப்பு எழுதிக் கொடுக்கிறார். வைத்தியர் மருந்துச் சீட்டு எழுதுகிறார். பிள்ளை மட்டும் ஏன் வெறுங்கையோடு வகுப்பு மாற வேண்டும்? நாலாவது, சுப்ரீம் கோர்ட்டு குறித்த கெடுவுக்காக உபாத்தியாயர் இரவு பகலாக விடைக் குறிப்புகளை மனனம் செய்து வகுப்பில் களைத்து நிற்கும் நிலை கூடாது. பரீட்சைக்கான பயிற்சியைச் சர்க்காரே விடுமுறை நாட்களில் நடத்தி, பிள்ளையின் நிலையை அறியும் கலையையும் அதில் சேர்க்க வேண்டும்.

இவற்றில் பணம் வேண்டியது இரண்டாவது யோசனைக்குத்தான் பெரிதும். மற்றவற்றுக்கு மனம் இருந்தால் போதும்.

சர்க்காரை மட்டும் எதிர்பார்த்திருப்பது தேசத் தொண்டர்களுக்கு அழகன்று. ஒவ்வொரு சர்க்கார் பாடசாலையிலும் நிர்வாகக் குழு ஒன்று இருக்க வேண்டும் என்றும், அதில் நாலில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்றும் 21ஆம் பிரிவு விதிக்கிறது. அந்தக் குழு கூடும் நாளில் பேசப்படுவது பெரும்பாலும் சுற்றுச் சுவரும் குடிநீர்க் குழாயும் கழிப்பிடமும்தான். அவையும் வேண்டியவையே. ஆனால், 'மூன்றாம் வகுப்பில் கழித்தல் வராத பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களுக்கு யார், எந்த நேரத்தில் சொல்லிக் கொடுக்கிறார்கள்?' என்று கேட்கும் தகப்பனாரோ தாயாரோ அங்கே எழுந்தால், 24ஆம் பிரிவு காகிதத்திலிருந்து இறங்கி வகுப்புக்குள் வரும். அப்படிக் கேட்பது உபாத்தியாயரைக் கூண்டில் நிறுத்துவதற்காக இருக்கலாகாது. ஆள் போதவில்லை, நேரம் போதவில்லை என்று அவர் சொன்னால், அந்தக் குறையைக் கல்வி அதிகாரியிடமும் சட்டசபை அங்கத்தினரிடமும் எடுத்துச் செல்ல வேண்டியது அதே பெற்றோரின் கடமை.

மேடையில் தமிழின் பெருமையைப் பேசுகிறோம்; தேசத்தின் எதிர்காலத்தைப் பேசுகிறோம். அந்த எதிர்காலம் கடைசி வரிசையில் கழித்தல் தெரியாமல் மெளனமாக உட்கார்ந்திருக்கிறது. அதன் பெயர் சொல்லி அழைத்து, அது நிற்கும் படிக்கு இறங்கி வந்து பாடம் சொல்லும் ஒருவரை அதற்குத் தேடித் தர வேண்டும். சாமிநாதையரின் தகப்பனார் தம் ஒரு பிள்ளைக்காக ஊர் ஊராக அலைந்தார். நம் வாசகர்கள் தங்கள் ஊர்ப் பாடசாலை வரையிலாவது நடந்து, அடுத்த குழுக் கூட்டத்தில் இந்தக் கேள்வியைக் கேட்பார்களாக.